பற்றிக்கொண்டதா

பிளின் பிளானில் மைனஸ் முப்பத்தெட்டு.
கடைக் கதவின் கைப்பிடியில்
நேற்று ஒட்டிய என் கையுறை நூல்
இன்னும் அங்கேயே இருக்கிறது.

லூசியன் டெஜார்லே மூன்றாம் முறை வந்திருக்கிறான்.
சுரங்கத்தில் இரவு வேலை.
பதினேழு வருடத்துப் பிக்கப்,
ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் வேறு நிறம்.
காது இரண்டும் கேட்காது அவனுக்கு.
சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுகிறான்:
"ஒரிசியா, உன் பெட்டி பொய் சொல்கிறது."

பொய் இல்லை. அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.
நவம்பரில் வாசல்வரை வண்டிகள்,
நான் சுலபமான வழியில் முடித்துவிட்டேன்:
வோல்டேஜைப் பார்த்துத் தெரிந்துகொள்வது.
ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி பத்துக்குச் சரியும்;
இன்ஜின் பற்றினால் ஆல்டர்னேட்டர் விழித்து
பதினான்கைத் தொடும்.
அந்த ஏற்றத்தைக் கண்டதும்
ஓடுகிறது என்று பெட்டி முடிவுகட்டும்.
ஒரு கம்பிகூடக் கூடுதலாக இழுக்கத் தேவையில்லை.
நவம்பருக்கு அது போதும்.

ஜனவரியில்
ஸ்டார்ட்டர் கைவிட்டதும் பேட்டரி தானாகவே
கொஞ்சம் நிமிர்கிறது.
களைத்தவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து
சிரிக்கிறான் என்று நினைத்ததுபோல
பெட்டி பார்க்கிங் விளக்கைப் போட்டுவிடுகிறது.
காது உள்ளவர்கள் சமையலறையிலிருந்தே
கண்டுபிடித்திருப்பார்கள்.
அவன் விளக்கை நம்பி
ஐந்து அடுக்கு உடுத்தி
கால்மணி கழித்து இறங்கிவந்து
செத்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறான்.
இரண்டு முறை
சுரங்கக் கூண்டு அவனை விட்டுவிட்டு இறங்கிவிட்டது.

புது வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்,
கணினியே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.
இது வாய் திறக்காத ரகம்.
நாடி பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.

பானெட்டைத் தூக்கினேன்.
மீட்டரை ஏ.சி.யில் வைத்து
இன்ஜெக்டர் கம்பிகளை ஒவ்வொன்றாகக் குத்தினேன்.
முதலாவது அசையவில்லை.
இரண்டாவது என்னவோ உளறியது.
பச்சை, வெள்ளைக் கோடு: ஒன்று புள்ளி நான்கு.
இனி ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டும்,
எண்ணும் கூடவே ஏறவேண்டும்.

"மிதி!" என்று கத்தினேன்.
கத்திய பிறகுதான் உறைத்தது.

பானெட் மறைத்தது, முகம் தெரியாது.
பக்கவாட்டில் கையை நீட்டி விரித்தேன்.
இன்ஜின் உயர்ந்தது. எண்ணும் உயர்ந்தது,
இரண்டு, இரண்டரை, மூன்று.
மூடினேன். இறங்கியது.
பாதி விரித்தேன்.
சத்தியமாக, பாதிதான் மிதித்தான்,
அங்கேயே நிறுத்தினான்,
மீட்டரில் ஒரு புள்ளி நடுங்கவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
இப்படி ஒரு காலை நான் கண்டதில்லை.
எட்டிப் பார்த்தேன்:
ஸ்டீயரிங்கில் பத்து விரலும் விரித்து வைத்து
கண்ணை மூடியிருந்தான்.

ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்,
நாடா சுற்றினேன்.
பிரேக்கை மிதித்தபடி காத்திருக்க
சின்ன விளக்கு ஒன்று சிமிட்டி, நின்று எரிந்தது.
ஐடில் எவ்வளவு என்று பெட்டி கற்றுக்கொண்டுவிட்டது.

வண்டியை வெளியே தள்ளிக் குளிரவிட்டோம்.
இரண்டு காபி, பேச்சில்லை.
பிறகு ஜன்னல் வழியாக ரிமோட்டை அழுத்தினான்.
பற்றிய மறுகணமே ஸ்டார்ட்டர் விலகியது.
விளக்கு எரிந்தது.

அவன் விளக்கைப் பார்க்கவே இல்லை.
வெளியே போனான், கையுறையைக் கழற்றினான்,
அந்தக் குளிரில்
வெறும் உள்ளங்கையை பானெட்டின் மேல் வைத்தான்.
தோல் ஒட்டிக்கொள்ளும் என்று பதறினேன்.
நிதானமாக எடுத்தான்.

திரும்பி வந்து எழுதினான்:
"நடுவில் நின்றுபோனால் சொல்லுமா?"
எழுதினேன்: "சொல்லும்.
மூன்று தடவை முயலும்.
முடியாவிட்டால் விளக்கை அணைத்துவிடும்."
இரண்டு முறை படித்தான்.
மடித்து, முதல் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.
பர்ஸை எடுத்தான், நான் தலையாட்டினேன்,
எடுத்த இடத்திலேயே வைத்தான்.

வண்டி மேட்டில் ஏறும்போதுதான் காதில் விழுந்தது.
சைலன்சரில் ஓட்டை,
தெரு முழுக்க அதிர்கிறது.
எதிர்வீட்டுத் திரைகூட விலகியது.
எழுதிக் கொடுக்கச் சீட்டைத் தேடினேன்,
பேனாவில் மை உறைந்திருந்தது.
அவன் திரும்பிவிட்டான்.